ஆலோசனையை எடைபோட உள்ளே ஆள் வேண்டும்

கேள்வி கேட்ட அன்பர் ஒரு விமான நிறுவனத்தின் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றுவதாகச் சொல்கிறார். அங்கே இருபது, முப்பது ஆண்டு அனுபவமுள்ளவர்களை விருப்ப ஓய்வில் அனுப்பிவிட்டு, அதே சமயத்தில் பெருந்தொகை கொடுத்து வெளி ஆலோசனை நிறுவனம் ஒன்றை அமர்த்தியிருக்கிறார்கள். “எங்களுக்குத் தெரியாத எது அவர்களுக்குத் தெரியும்? இப்படிச் செய்து உருப்பட்ட நிறுவனம் எங்காவது உண்டா? சுவிஸ்ஏர் ஆலோசகர்களால்தான் அழிந்தது என்கிறார்களே, அது உண்மையா?” என்று கேட்டிருக்கிறார். மூன்று கேள்விகளாகத் தோன்றினாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: இந்தத் தொழிலில் அனுபவம் என்பது ஓர் அறிக்கையாக எழுதி வாங்கிவிடக்கூடிய பொருளா, இல்லையா என்பது. நான் விமான இயக்கக் கட்டுப்பாட்டு அறையிலும், பிறகு அட்டவணைத் திட்டமிடலிலும் பல ஆண்டுகள் இருந்தவன். அந்தப் பகுதியைப் பற்றிச் சொந்த அறிவிலிருந்து சொல்ல முடியும். இயக்குநர் குழுக்களின் பேரங்களைப் பற்றிப் பொதுவில் பதிவானவற்றை வைத்தே பேசுகிறேன். அங்கே என் சொல்லுக்கு அந்த அளவு மதிப்பு கொடுத்தால் போதும்.

சுவிஸ்ஏரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இந்த விவாதத்தில் எல்லோரும் முதலில் கையை நீட்டிக் காட்டுவது அதைத்தான். 1931-இல் தொடங்கப்பட்ட அந்தச் சுவிட்சர்லாந்து விமான நிறுவனத்தின் கையிருப்பும் நிதி ஒழுங்கும் ‘பறக்கும் வங்கி’ என்று அழைக்கப்படும் அளவுக்குப் பெயர் பெற்றிருந்தன. 1992 டிசம்பரில் சுவிட்சர்லாந்து மக்கள் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் சேர வேண்டாம் என்று மிகச் சிறிய வித்தியாசத்தில் வாக்களித்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விமானச் சேவை தாராளமாக்கப்பட்ட நேரத்தில் சுவிஸ்ஏர் வேலிக்கு வெளியே நின்றது. கே.எல்.எம், எஸ்.ஏ.எஸ், ஆஸ்திரியன் ஆகிய ஐரோப்பிய விமான நிறுவனங்களோடு இணையும் ‘அல்காசர்’ திட்டம் 1993-இல் முறிந்தது. ஏறத்தாழ 70 லட்சம் மக்களே வாழும் ஒரு நாட்டை மட்டும் நம்பி உலகளாவிய விமான நிறுவனம் நடத்த முடியாது என்ற கவலை நியாயமானது. அதை யாரும் கற்பனை செய்து உருவாக்கவில்லை.

இந்தக் கவலைக்கு விடையாகத்தான் மெக்கின்ஸி ஆலோசனை நிறுவனத்தின் துணையோடு ‘ஹண்டர்’ எனப்பட்ட வேட்டைத் திட்டம் வந்தது. பெரிய கூட்டணிகளில் இளைய பங்காளியாகச் சேருவதை விட, ஐரோப்பாவின் சிறிய, நடுத்தர நிறுவனங்களில் பங்குகள் வாங்கித் தானே ஒரு கூட்டணிக்குத் தலைமை ஏற்பது அதன் உள்ளடக்கம். பெல்ஜியத்தின் சபேனாவில் 49.5 விழுக்காட்டுப் பங்கு 1995-லேயே வாங்கப்பட்டிருந்தது. அதன் பிறகு ஜெர்மனியின் எல்.டி.யூ, பிரான்ஸின் ஏ.ஓ.எம், ஏர் லிட்டோரால், ஏர் லிபெர்த்தே, இத்தாலியின் வொலாரே, ஏர் யூரோப், போலந்தின் லாட், தென்னாப்பிரிக்க ஏர்வேஸ் என்று வரிசையாக வாங்கிக்கொண்டே போனார்கள். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி ஒன்றியத்துக்குள் உள்ள விமான நிறுவனத்தின் பெரும்பான்மை உரிமையும் கட்டுப்பாடும் ஒன்றியத்தவரிடமே இருக்க வேண்டும் என்பதால், சுவிஸ்ஏரின் பங்கு அங்கெல்லாம் பாதியைத் தாண்ட முடியாது. ஆனால் ஒப்பந்தங்களின் வழியே நட்டத்தை ஈடுகட்டும் பொறுப்பு மட்டும் அதன் தலையில் முழுமையாக ஏறிக்கொண்டது. நிருவாகத்தை நடத்தும் அதிகாரம் இல்லை. நட்டத்துக்குப் பணம் கொடுக்கும் கடமை உண்டு. இதை விட மோசமான நிலை ஒரு முதலீட்டாளருக்கு இருக்க முடியாது.

வாங்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே நோயுற்ற நிறுவனங்கள். பிரான்ஸில் தொழிற்சங்கங்கள் எவ்வளவு வலுவானவை, ஏர் ஃபிரான்ஸை எதிர்த்து உள்நாட்டு வழித்தடங்களில் சம்பாதிப்பது எவ்வளவு கடினம் என்பதெல்லாம் அந்தச் சந்தையில் டிக்கெட் விற்ற எந்த விற்பனை அதிகாரிக்கும் தெரிந்திருக்கும். சபேனாவில் நடந்தது இன்னும் தெளிவான பாடம். பெரும்பாலும் போயிங் 737 விமானங்களை ஓட்டிப் பழகிய அந்த நிறுவனம், சுவிஸ்ஏரின் செல்வாக்கில் 1997-இல் 34 ஏர்பஸ் ஏ320 குடும்ப விமானங்களுக்கு ஆணை கொடுத்தது. விமான வகையை மாற்றுவது என்றால் விமானிகளுக்கு மறுபயிற்சி, பொறியாளர்களுக்குப் புதிய வகை உரிமம், உதிரிப் பாகக் கிடங்கு, கருவிகள் எல்லாம் இரட்டிப்பாகும். மாறுகிற அந்தச் சில ஆண்டுகளில் இரண்டு வகையையும் சேர்த்து ஓட்டும் செலவைத் தாங்க நிறுவனத்தில் வலு இருக்க வேண்டும். சபேனாவில் அது இல்லை. அந்த ஆணையைப் பின்னர் பெல்ஜிய நாடாளுமன்ற விசாரணைக் குழு கடுமையாகக் குறை கூறியது.

இதற்கிடையே நம்பியிருந்த துணைகளும் விலகின. அமெரிக்காவின் டெல்டா நிறுவனம் 1999-இல் ஏர் ஃபிரான்ஸோடு கைகோத்தது. ஆஸ்திரியன் ஏர்லைன்ஸ் 2000-இல் ஸ்டார் என்ற வேறு விமானக் கூட்டணிக்குப் போனது. 2001 ஜனவரியில் தலைமை அதிகாரி ஃபிலிப் புருகிசர் நீக்கப்பட்டார். 2000-ஆம் ஆண்டின் நட்டம் ஏறத்தாழ 290 கோடி சுவிஸ் ஃபிராங்க் என்று அந்த ஏப்ரலில் அறிவித்தார்கள். செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு கையில் பணமே இல்லாமல் 2001 அக்டோபர் 2 அன்று எரிபொருளுக்கும் தரையிறங்கும் கட்டணத்துக்கும் கொடுக்க வழியின்றி விமானங்கள் எல்லாம் தரையில் நின்றன. நவம்பர் 7 அன்று சபேனா திவாலானது.

இனி, ஆலோசகர்கள்தான் காரணமா என்ற கேள்விக்கு வருகிறேன். அவர்கள் வகுக்க உதவிய திட்டம் தோற்றது என்பது உறுதி. அந்தத் தோல்வி முழுவதையும் அவர்கள் கணக்கில் எழுத முடியுமா என்பது உறுதியாகச் சொல்லக்கூடியதன்று. பரிந்துரைத்தது சிறிய அளவிலான பங்குகளை, வாங்கியது அதைவிடப் பெரிதாகவும் வேகமாகவும் என்பது ஆலோசகர் தரப்பின் வாதம். அதை அப்படியே தள்ளிவிட இயலாது. திட்டத்தை ஓட்டிய புருகிசர் வெளியாள் இல்லை. பல ஆண்டுகள் அந்தக் குழுமத்துக்குள்ளேயே நிதிப் பிரிவில் வளர்ந்தவர். ஆக, ‘உள்ளே இருப்பவர் நல்லவர், வெளியே இருந்து வந்தவர் கெடுத்தார்’ என்ற எளிய கதை இங்கே பொருந்தவில்லை. என் கணிப்பில் உண்மையான ஓட்டை இயக்குநர் குழுவில் இருந்தது. அரசியலிலும் வங்கித் துறையிலும் தொழில் துறையிலும் பெயர் பெற்றவர்கள் அங்கே இருந்தார்கள். விமான நிறுவனத்தை அன்றாடம் நடத்திப் பழகியவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. அவர்களில் ஒருவரான லூகாஸ் மூலமான் அப்போது கிரெடிட் சுவிஸ் வங்கியின் தலைவராக இருந்தவர். அதற்கு முன் மெக்கின்ஸியின் சுவிட்சர்லாந்துக் கிளைக்குத் தலைமை வகித்தவர். அவர் தவறு செய்தார் என்று நான் சொல்லவில்லை. 2007-இல் பூலாக் நகர நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்ட பத்தொன்பது பேரும் விடுவிக்கப்பட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் ஓர் ஆலோசனையைக் கையில் வாங்கி, “இந்த எண் எங்கிருந்து வந்தது? இந்த நிறுவனத்தின் விமானங்கள் எத்தனை வயதானவை? அங்கே விமானிகளின் ஒப்பந்தம் எப்போது முடிகிறது?” என்று கேட்கக்கூடியவர்கள் மேசையைச் சுற்றிப் போதுமான அளவில் இல்லை. ஆலோசகர் பேசும் மொழியிலேயே சிந்திக்கிறவர்கள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் எந்த ஆலோசனையும் சரியாகத்தான் ஒலிக்கும்.

அனுபவம் ஏன் அறிக்கைக்குள் அடங்குவதில்லை என்பதை என் பகுதியிலிருந்து ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். குறுந்தூர வழித்தடங்களில் ஒரு விமானம் நாளொன்றுக்கு ஆறு பயணங்கள் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். இடையில் ஐந்து முறை தரையில் நின்று, பயணிகளை இறக்கி, துப்புரவு செய்து, எரிபொருள் நிரப்பி, மறுபடி ஏற்றிப் புறப்பட வேண்டும். இதைத்தான் டர்ன்அரவுண்ட் என்கிறோம். ஒவ்வொரு டர்ன்அரவுண்டிலும் 10 நிமிடம் குறைத்தால் 50 நிமிடம் மிச்சம். நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்தது முதல் அடுத்த நிறுத்துமிடத்தில் நிற்பது வரையிலான பிளாக் டைமில் பயணத்துக்கு 5 நிமிடம் குறைத்தால் இன்னும் 30 நிமிடம். மொத்தம் 80 நிமிடம் கிடைக்கிறது. அதில் ஏழாவதாக ஒரு குறும்பயணத்தைச் செருகிவிடலாம். விமானத்தின் வாடகை ஒன்றுதான், பயணம் ஒன்று கூடுதல். கணினித் திரையில் இது மறுக்க முடியாத கணக்கு. இந்தக் கணக்கைப் போடுவதில் ஆலோசகர்கள் எங்களை விடத் திறமையானவர்கள், உலகின் மற்ற நிறுவனங்கள் எவ்வளவு நேரம் எடுக்கின்றன என்ற ஒப்பீடும் அவர்கள் கையில் இருக்கும்.

ஆனால் அந்த 80 நிமிடம் வீணாகக் கிடந்த நேரம் இல்லை. முதல் பயணத்தில் சக்கர நாற்காலிப் பயணி ஒருவருக்காகத் தூக்குமேடை வண்டி வரத் தாமதமானதையும், இரண்டாவதில் இறங்குவதற்கு வரிசையில் வட்டமடித்ததையும், நான்காவதில் ஒரு டயர் மாற்றியதையும் விழுங்கிக்கொண்டிருந்தது அந்த நேரம்தான். அதை எடுத்துவிட்டால் காலையில் வந்த 20 நிமிடத் தாமதம் மாலையில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வளர்ந்து நிற்கும். அதற்குள் விமானிகளின் பணி நேர வரம்பு முடிந்துவிடும். ஸ்டாண்ட்பையில், அதாவது அவசரத் தேவைக்காகத் தயார்நிலையில், இருப்பவரை அழைக்க வேண்டும். அவரையும் ‘பயன்படாத ஆள்’ என்று கணக்கிட்டுக் குறைத்திருந்தால் கடைசிப் பயணம் ரத்தாகும். விமானம் இரவில் பராமரிப்புத் தளத்துக்குத் திரும்பாமல் வேறோர் ஊரில் தங்கிவிடும். அன்றிரவு செய்ய வேண்டிய சோதனை தள்ளிப்போகும். எந்த நிலையத்தில் எந்த மாதத்தில் காலைப் பனி விழும், எந்த விமானத்தில் எந்தக் கோளாறு சரி செய்தும் திரும்பத் திரும்ப வரும், எந்த விமான நிலையத்தில் இழுவை வண்டி இரண்டே இருக்கிறது என்பதெல்லாம் ஒரு மூத்த அட்டவணையாளரின் நினைவில் இருக்கும். அவர் அந்த இடங்களில் மட்டும் தாராளமாக நேரம் விட்டிருப்பார். எதற்காக விட்டார் என்று எங்கும் எழுதி வைத்திருக்கமாட்டார். அவர் ஓய்வு பெற்றதும் அது காரணமில்லாத இடைவெளியாகத் தோன்றும். அடுத்து வருபவர் வெட்டுவார்.

2022 டிசம்பரில் அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் நிறுவனம் குளிர்காலப் புயலுக்குப் பிறகு 16,000-க்கும் மேற்பட்ட பயணங்களை ரத்து செய்தது. மற்ற நிறுவனங்கள் ஓரிரு நாளில் எழுந்துவிட்டன. சவுத்வெஸ்டில் எந்தப் பணிக்குழு எந்த ஊரில் இருக்கிறது என்பதையே பணிக்குழு ஒதுக்கீட்டு முறையால் பின்தொடர முடியவில்லை. அந்த முறை போதாது என்று விமானிகளின் சங்கம் பல ஆண்டுகளாக எச்சரித்து வந்தது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை அடுத்த ஆண்டு 14 கோடி டாலர் அபராதம் விதித்தது. இது ஆலோசகர்களால் வந்த கேடு இல்லை. அனுபவம் நிறுவனத்துக்குள்ளேயே இருந்தும் அது முடிவெடுப்பவர்களின் காதுக்கு எட்டாமல் போனால் என்ன ஆகும் என்பதற்காகச் சொன்னேன்.

நம் நாட்டில் ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் 2007-இல் இணைத்ததும் இதே வரிசையில் வரும். வெளி ஆலோசகர்களின் அறிக்கை இணைப்பினால் வரும் நன்மைகளை எண்ணிக் காட்டியது. அதற்கு முன்பே இரு நிறுவனங்களும் தனித்தனியாக, ஒன்று போயிங்கிலும் மற்றது ஏர்பஸ்ஸிலும், மொத்தம் 111 விமானங்களுக்கு ஆணை கொடுத்திருந்தன. இணைப்பதாக இருந்தால் கொள்முதலுக்கு முன்பே இணைத்திருக்க வேண்டும் என்று இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் 2011 அறிக்கை சுட்டிக்காட்டியது. அதை விடக் கொடியது பணியாளர் பிரச்சினை. இரு பக்கமும் சம்பள முறை வேறு, பதவி உயர்வுக் காலம் வேறு, சங்கங்கள் வேறு. பணி மூப்புப் பட்டியலை எப்படி ஒன்றாக்குவது என்பதை ஆராயும் தர்மாதிகாரி குழு தன் அறிக்கையைக் கொடுத்தது 2012-இல், அதாவது இணைப்பு நடந்து ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு. அதே ஆண்டில் புதிய போயிங் 787 விமானப் பயிற்சியில் எந்தப் பக்கத்து விமானிகளுக்கு இடம் என்ற சண்டையில் ஏறத்தாழ இரண்டு மாத வேலைநிறுத்தம் நடந்தது. மூப்புப் பட்டியல் எப்படிப்பட்ட நெருப்பு என்று இரு நிறுவனங்களின் பணியாளர் துறையிலும் இருந்த எந்த மூத்த எழுத்தரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். ஆனால் இணைப்பின் தோல்விக்கு எரிபொருள் விலை ஏற்றமும், உலக நிதி நெருக்கடியும், அரசின் தலையீடும் எந்த அளவுக்குக் காரணம், அறிக்கையின் குறை எந்த அளவுக்குக் காரணம் என்று பிரித்து எடைபோட வழியில்லை. யாராவது விழுக்காடு சொன்னால் நம்ப வேண்டாம்.

இப்போது எதிர்ப்பக்கம். அனுபவமே நோயாக இருந்த இடமும் உண்டு. கொரியன் ஏர் விமானம் 1997 ஆகஸ்ட் 6 அன்று குவாம் தீவில் மலைச்சரிவில் மோதி 228 பேர் இறந்தார்கள். தலைமை விமானி தரையிறக்கத்தைச் சரியாக நடத்தவில்லை என்பதோடு, துணை விமானியும் பொறியாளரும் அவரைக் கண்காணித்துத் திருத்தவில்லை என்பதையும் அமெரிக்க விசாரணை வாரியம் காரணமாகச் சொன்னது. மேலும் விபத்துகள் நடந்தன. 1999-இல் டெல்டா, ஒருவர் விமானத்துக்கு மற்றவர் டிக்கெட் விற்கும் கோட்ஷேர் உறவை நிறுத்தி வைத்தது. அடுத்த ஆண்டு கொரியன் ஏர், டெல்டாவில் பணியாற்றிய டேவிட் கிரீன்பெர்க்கை விமான இயக்கத்துக்குத் தலைவராக அழைத்து வந்தது. பயிற்சியையும் வெளியாரிடம் ஒப்படைத்தது. மூத்தவர் சொல்லை மறுக்காத விமானியறைப் பழக்கத்தை உள்ளே இருந்தவர்களே மாற்றியிருப்பார்களா என்பது எனக்கு ஐயம். அங்கே வெளியாள் தேவைப்பட்டார். ஆனால் வந்தவர் விமான இயக்கத்தையே தொழிலாகக் கொண்டவர், வந்து அறிக்கை கொடுத்துவிட்டுப் போகாமல் பொறுப்பை ஏற்று உட்கார்ந்தவர்.

இதைத்தான் அமெரிக்காவின் கான்டினென்டல் நிறுவனத்திலும் பார்க்கிறேன். 1983-லும் 1990-லும் இருமுறை திவால் பாதுகாப்பு கேட்ட நிறுவனம் அது. 1994-இல் அதைத் தூக்கி நிறுத்திய இருவரில் கோர்டன் பெத்யூன் கடற்படையில் விமான மெக்கானிக்காகத் தொடங்கியவர். கிரெக் பிரென்னமன் பெய்ன் ஆலோசனை நிறுவனத்திலிருந்து வந்தவர். பிரென்னமன் ஆலோசகராகவே இருந்துவிடாமல் நிறுவனத்தின் பதவியில் அமர்ந்து, தன் கணக்குக்குத் தானே விடை சொல்ல வேண்டிய நிலைக்கு வந்தார். நேரந்தவறாமையில் நாட்டின் முதல் ஐந்து நிறுவனங்களுக்குள் வந்த ஒவ்வொரு மாதமும் பணியாளர் ஒவ்வொருவருக்கும் 65 டாலர் என்று அறிவித்தார்கள். நிலையத்தில் பெட்டி ஏற்றுபவரும் விமானம் புறப்படுவதில் தனக்குப் பங்கு உண்டு என்று கண்டார். உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் விடை இதுவே: உருப்பட்ட நிறுவனங்கள் உண்டு, அங்கெல்லாம் வெளி அறிவு உள் அறிவின் பக்கத்தில் உட்கார்ந்தது, அதன் நாற்காலியைப் பிடுங்கவில்லை.

ஆலோசகர்களை ஏன் அமர்த்துகிறார்கள் என்பதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். கடன் கொடுக்கும் வங்கிகள் சார்பற்ற ஒருவரின் மதிப்பீட்டைக் கேட்கின்றன. துறைகள் ஒன்றுக்கொன்று தகவலை மறைக்கும்போது எல்லாக் கதவையும் தட்டும் உரிமை வெளியாருக்கே கிடைக்கிறது. விமான வாடகை ஒப்பந்தம், எரிபொருள் விலைக் காப்பு போன்றவற்றில் ஒரு நிறுவனம் பத்தாண்டுக்கு ஒருமுறை செய்வதை அவர்கள் ஆண்டுதோறும் செய்கிறார்கள். இவையெல்லாம் சரியான காரணங்கள். ஏற்கெனவே எடுத்துவிட்ட முடிவுக்குக் கையெழுத்து வாங்குவதற்காக அமர்த்துவதும் நடக்கிறது. நான் பணியாற்றிய இடத்தில் அப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறேன். ஆள் குறைப்பு எண்ணிக்கை முதலில் வந்தது, ஆய்வு பின்னால் வந்தது. அது எவ்வளவு பரவலானது என்று என் ஓர் அனுபவத்தை வைத்துச் சொல்வது முறையாகாது.

உங்கள் நிறுவனம் எந்த வகை என்று தொலைவிலிருந்து தீர்ப்பளிக்க மாட்டேன், ஆனால் உற்றுப் பார்த்தால் உங்களுக்கே விளங்கக்கூடிய அடையாளங்கள் உண்டு. ஆலோசகர்கள் விமானங்களைப் பழுதுபார்க்கும் ஹாங்கருக்கு இரவுப் பணி நேரத்தில் வந்து நின்று பார்க்கிறார்களா, அனுப்பிய படிவத்தை மட்டும் திரும்ப வாங்குகிறார்களா? பரிந்துரையை நிறைவேற்றும் பொறுப்பில் உங்கள் நிறுவனத்தின் இயக்கத் தலைவரும் பராமரிப்புத் தலைவரும் பெயரிட்டுக் கையெழுத்திடுகிறார்களா? விருப்ப ஓய்வு எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டிருக்கிறதா, முக்கியமான பணிகளில் இருப்பவர்களுக்கு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறதா? எல்லோருக்கும் திறந்துவிட்டால் வெளியே எளிதில் வேலை கிடைக்கும் திறமைசாலிகளே முதலில் போவார்கள். இதை எத்தனையோ இடங்களில் பார்த்தாயிற்று.

உங்கள் பிரிவைப் பொறுத்தவரை சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. விமானத்தைப் பறக்கத் தகுதியானது என்று சான்றளிக்கும் பொறியாளரின் உரிமமும் வகைத் தகுதியும் ஆண்டுக்கணக்கில் ஈட்டப்படுபவை. ஆலோசகர் யாரும் அந்தக் கையெழுத்தைப் போட முடியாது. இந்தியாவில் விமானப் பராமரிப்பு நிறுவனங்களுக்கான சி.ஏ.ஆர்-145 விதிப்படி அங்கீகாரம் பெற்ற பராமரிப்பு நிறுவனம், செய்ய வேண்டிய பணிக்குப் போதுமான ஆட்கள் இருக்கிறார்கள் என்பதைக் காட்டும் பணிநேரத் திட்டம் ஒன்றை வைத்திருக்க வேண்டும். விருப்ப ஓய்வுக்குப் பிறகு அந்தத் திட்டம் திருத்தப்பட்டதா, ஒவ்வொரு விமான வகைக்கும் ஒவ்வொரு ஷிப்ட்டிலும் சான்றளிக்கும் பொறியாளர்கள் எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்று தரப் பிரிவு மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். ஆலோசகர்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்ற விவாதம் எதுவும் அதற்குத் தேவையில்லை. நிருவாகம் எண்ணால் விடை சொல்லியாக வேண்டிய கேள்வி அது.